அந்த ஒரு ‘ம்’

காய்கறிக்காரர் தக்காளியை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, கூடையிலிருந்து நல்லதாக இன்னும் ஒன்றைப் பொறுக்கி மேலே வைத்தார். “இது வாட்ச்மேன் சாருக்கு. நான் குடுத்தேன்னு சொல்லுங்கம்மா.”

பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். “எந்த வாட்ச்மேன்? ‘உள்ள யாரும் இல்ல சார், எல்லாரும் போயிட்டாங்க’ன்னு சொல்வாரே, அவரா? அவர் வீட்டம்மாவா நீங்க?”

“ஆமா” என்றாள் அவள்.

“குடுத்து வெச்சவங்க.”

குடுத்து வைத்தவள் வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தத் தக்காளியை நறுக்கி, உப்பைத் தூவி, அடுப்படியில் நின்றபடியே தின்று தீர்த்தாள். அவரிடம் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

பின்னே என்ன? அந்தத் தெருவில் நடிகை என்று ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். கல்யாணத்துக்கு முன்பே நாடகக் குழுவில் சேர்ந்து, ஒத்திகைக் கூடத்தைப் பெருக்கி, பக்கம் பக்கமாக வசனம் உருப்போட்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி மெல்லிய குரலில் அழப் பழகியவள். பிறகு தொடர்களில் நர்ஸாக வந்தாள், பக்கத்து வீட்டுக்காரியாக வந்தாள், கதாநாயகியின் அலுவலகத்தில் ஃபைல் தூக்கிக்கொண்டு போகிறவளாக வந்தாள். இப்போது அதுவும் குறைந்து, டப்பிங் தியேட்டரில் கூட்டக் குரல் கொடுக்கிறாள். திரையில் கட்டடம் தீப்பிடித்தால் அலறுகிற நாலு பெண்களில் அவள் ஒருத்தி. விருந்தில் கூட்டம் சிரித்தால் அந்தச் சிரிப்பில் கால்வாசி அவளுடையது. இத்தனை சிரித்து, இத்தனை அலறியும், தெருவில் ஓர் ஆள் அவளை நின்று பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்காரர் லைட்மேன். கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற விளக்கைக் கையுறையோடு திருப்பி, ‘போடு’ என்றால் போட்டு, ‘அணை’ என்றால் அணைத்துக் காலம் தள்ளியவர். போன வருடம் ஒரு படப்பிடிப்பில் வாட்ச்மேன் வேஷத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணில் பட்டவருக்குக் காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவரும் கேட்டருகே போய் நின்றார், அந்த ஒரு வரியைச் சொன்னார், திரும்பி வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போனில் விட, அது கைக்குக் கை மாறி ஊர் முழுக்கப் போனது. இப்போது படத்துக்கு ஒரு சீன், இரண்டு சீன் என்று கூப்பிடுகிறார்கள். மற்ற நாளில் பழையபடி கேபிள் சுமக்கிறார்.

அடக்கமாகவாவது இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. தலைக்கு மை அடித்துக்கொண்டார். வெயில் இல்லாத நேரத்திலும் கறுப்புக் கண்ணாடி. ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்தி, “உள்ள யாரும் இல்லையா சார்?” என்று கேட்டால் போதும், கையில் பால் பாக்கெட்டோடு நடுத்தெருவில் நின்று அந்த வரியைச் சொல்லிக் காட்டுவார். “எப்படிங்க இப்படி நடிக்கறீங்க?” என்று கேட்டால், “நடிப்பு என்ன பெரிய நடிப்பு, போய் நின்னேன், சொன்னேன், வந்துட்டேன்” என்பார். அதுதான் அவளுக்குத் தாங்காது. அவள் பாதி வயதைக் கொடுத்து வாங்கப் பார்த்த பொருளை, இந்த மனுஷன் போகிற வழியில் பொறுக்கிக்கொண்டு வந்து, பொறுக்கினேன் என்று வேறு சொல்கிறார்.

பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் படுத்து அவர் குறட்டை விடும்போது, பாவி, இதுகூட எவ்வளவு இயல்பாக வருகிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த நேரத்தில்தான் பழைய மேக்கப்காரம்மா ஒரு தகவல் சொன்னாள். புதிதாக ஒரு தொடர் எடுக்கிறார்கள். அம்மா வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள். பத்தோடு பதினொன்றாக நிற்கிற அம்மா இல்லை, கதையே அந்த அம்மாதான். வயதும் அவள் வயது. ஆள் தேர்வு செய்கிற மேடத்துக்கு டெமோ ரீல் அனுப்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

“டெமோ ரீல்னா என்ன?” என்று கேட்டாள் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா அவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள்.

“நான் இதுவரைக்கும் நடிச்சதுல நல்லதா துண்டு துண்டா எடுத்து, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒட்டி வெக்கறது, அண்ணி. அதைப் பாத்துட்டுத்தான் கூப்பிடுவாங்க.”

“துணிக்கடையில மாதிரித் துண்டெல்லாம் ஒட்டி ஒரு புக்கு வெச்சிருப்பானே, அது மாதிரி.”

“அதேதான்.”

“அதுல நல்ல துண்டாத்தான் இருக்கும். வாங்கிட்டு வந்து தண்ணில போட்டாத்தான் சாயம் தெரியும்” என்று சொல்லிவிட்டு நாத்தனார் மெஷினை மிதித்தாள். அவள் நாக்குக்கும் ஊசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எடிட்டிங் வேலைக்கு அவள் கத்தரியிடம் போனாள். கத்தரி என்பது பட்டப்பேர். ஒரு காலத்தில் தொடர்களுக்கு எடிட்டராக இருந்தவள், இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை எடுத்துக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறாள். ஜன்னலே இல்லாத அறை. பழைய டீ வாசமும் மெஷின் சூடும் கலந்து அடிக்கும். கத்தரி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

முதல் துண்டில் அவள் முதுகு தெரிந்தது. இரண்டாவதில் அவள் கை, கையில் தட்டு, தட்டில் மருந்து. மூன்றாவதில் கதாநாயகி விம்மி விம்மி அழ, ஓரத்தில் அவள் காது தெரிந்தது.

“உன் முதுகு நல்லா நடிக்குதுடி” என்றாள் கத்தரி.

“வெளையாடாதக்கா. அடுத்தது போடு.”

அடுத்தது நன்றாக இருந்தது. நர்ஸ் உடையில், இறந்துபோன நோயாளியின் கட்டிலருகே அவள் தனியாக நிற்கிற இடம். முகம் முழுதாகத் தெரிந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் பதமாக விழுந்திருந்தது. அன்றைக்கு விளக்குப் பிடித்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அப்போது அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கத்தரி படத்தை நிறுத்தி, திரையில் இருந்தவளையும் பக்கத்தில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொன்னாக் கோவப்படாத. இது உன் தங்கச்சி மாதிரி இருக்கு. பாத்துட்டு இந்தப் பொண்ணை வரச்சொல்லுவாங்க, நீ போய் நின்னா முழிப்பாங்க. இதை ஆரம்பத்துல கொஞ்சமா வெப்போம். ஆனா இன்னைக்குத் தேதிக்கு உன் மூஞ்சியோட ஒரு சீன் வேணும். புதுசா எடு.”

மேடத்தின் ஆபீசிலிருந்தே ஒரு சீன் அனுப்பியிருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வசனம் கொஞ்சம்தான்: ‘சாப்பிட்டியா?’, ‘அவன் சட்டையை ஏன் மடிச்சு வெச்சிருக்க?’, ‘படு.’ மீதியெல்லாம் அம்மா. அப்பாவின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து யாராவது வாசித்தால் போதும், முகம் காட்ட வேண்டாம்.

வீட்டுக்காரரை அவள் கேட்கவில்லை. நாத்தனாரைக் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் முன்னறையில் நீல நிறப் போர்வையைச் சுவரில் அடித்தார்கள். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தார்கள். தகரக் கூரை காய்ந்து, அறை அனலாக இருந்தது. மின்விசிறி ஓடினால் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்தியாகிவிட்டது. வேலையில்லாமல் வீட்டிலிருந்த வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே எழுந்து, ஒரு பல்பை வெள்ளைத் துணிக்குப் பின்னால் தொங்கவிட்டு, எதிரே ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்துவிட்டுப் போனார். அவள் முகத்தில் இருந்த வயது பாதி இறங்கிவிட்டது. அந்த வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

நாத்தனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கண்ணுக்கருகே பிடித்தாள்.

“சாப்பிட்டியா கேள்விக்குறி.”

“அண்ணி, கேள்விக்குறியெல்லாம் வாசிக்கக் கூடாது.”

“போட்டிருக்கே.”

“போட்டிருக்கும். கேக்கற மாதிரி வாசிக்கணும்.”

“சாப்பிட்டியா?” என்றாள் நாத்தனார். கடன் கொடுத்தவள் வாசலில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கண்ணை மூடி நினைத்தாள், மூச்சை இழுத்து விட்டாள். ஒன்றும் வரவில்லை. ‘அவன் சட்டையை ஏன் மடிச்சு வெச்சிருக்க?’ என்று நாத்தனார் வாசித்தபோது, தைக்கக் கொடுத்த சட்டைக்குக் கூலி வரவில்லை என்பது போல இருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், திரையில் ஒரு பொம்பளை அழ முயற்சி செய்துகொண்டிருந்தாள்.

“நீங்க சரியா வாசிக்கல, அண்ணி.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று தாளைக் கையில் திணித்துவிட்டு நாத்தனார் மெஷினுக்குப் போய்விட்டாள்.

வேறு வழியில்லை. அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, ஒரு நிமிஷம் வந்து இதை வாசிக்கறீங்களா?”

அவர் டம்ளரோடு வந்தார். தாளை ஒரு பார்வை பார்த்தார். கீழே உட்கார்ந்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றார்.

வருந்தி அழைத்தபோது வராத அழுகை, கேட்காமலே வந்து கண்ணில் நின்றது. சீன் எப்படி முடிந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எப்போது ஊசியைக் கீழே வைத்தாள் என்பதும் தெரியவில்லை.

போட்டுப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. இவ்வளவு நன்றாக அவள் எந்தத் தொடரிலும் செய்ததில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க வேறொன்றும் தெரிந்தது. கண் அவள் முகத்தில் இருந்தாலும், காது இவர் குரலுக்குப் போய்விடுகிறது. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அது காத்திருக்கிறது.

“நீங்க நடிக்கறீங்க” என்றாள்.

“நானா? வாசிச்சேன்.”

“நடிச்சீங்க. எதிர் ஆளு வாசிக்கத்தான் செய்யணும். பாக்கறவங்க என்னைப் பாக்கணும், உங்களைக் கேக்கக் கூடாது. எழுதியிருக்கறதை அப்படியே, உப்பு சப்பில்லாம வாசிங்க.”

“சரி தாயே.”

உப்பு சப்பில்லாமல்தான் வாசித்தார். அது இன்னும் மோசமாகப் போனது. மகன் போனதில் இந்த மனுஷனுக்கு அழக்கூடத் தெம்பில்லை, மிச்சம் இருப்பது ‘சாப்பிட்டியா’ ஒன்றுதான் என்கிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கட்டுமா?” என்றார் அவர். பிடித்துக்கொண்டு வாசித்தும் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த ஒரு நிமிடம் அவள் அவரை மன்னித்தாள். பிறகு கடைசியாக ஒரு தடவை எடுத்தார்கள். அதில் அவளுடைய பெரிய வசனம் வருகிற இடத்தில், ‘அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும்…’ என்று அவள் ஒரு விநாடி நிறுத்த, தாளில் இல்லாத ஒரு ‘ம்’ அவர் பக்கத்திலிருந்து வந்தது. அவள் அதைக் கேட்டதும், ‘வாசல் லைட்டை அணைக்கக் கை வரல’ என்பது தானாகவே உடைந்து வெளியே வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் நல்லதாக அமைந்தது.

வெள்ளிக்கிழமை கத்தரி அதைப் பார்த்தாள். சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தொங்கப்போட்டாள்.

“யாருடி இது?”

“எது?”

“எதிர்ல பேசற ஆளு.”

“எங்க வீட்டுக்காரர்.”

“வாட்ச்மேனா? அடேங்கப்பா. ‘படு’ன்னு ஒரு வார்த்தைதான், மனுஷன் என்னமா சொல்றாரு!”

ரீல் அவளுடையது. முகம் அவளுடையது. இருபது வருட உழைப்பு அவளுடையது. பார்த்த முதல் ஆளே அவரைக் கேட்கிறாள். நாளைக்கு மேடமும் இதைத்தானே கேட்பாள்? ‘நீங்க நல்லா பண்ணியிருக்கீங்க, அந்தக் குரல் யாரோடது’ என்றுதானே சொல்வாள்? தக்காளிக் கடையில் பட்டது போதாதா?

“அக்கா, இந்தக் குரலை எடுத்துடலாம்.”

“எடுத்துட்டு?”

“வேற ஆளை டப் பண்ண வெக்கலாம்.”

கத்தரி நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினாள். “இது யாருக்கும் தோணாது. உனக்குத்தான் தோணும்” என்றாள்.

உண்மைதான். வேறு வேலை செய்கிற பெண்ணாக இருந்தால் புருஷன் மேல் பொறாமை வந்தால் சண்டை போடுவாள், சாப்பாட்டில் உப்பைக் கூட்டுவாள். இவள் டப்பிங் தியேட்டரில் வேலை செய்பவள். ஒருத்தர் வாயில் இன்னொருத்தர் குரலை வைப்பது அங்கே தினப்படி வேலை. அன்று மத்தியானமே ‘ரேடியோ’ என்று பட்டப்பேர் வாங்கிய ஆளைப் பிடித்தாள். ரேடியோ அங்கே வில்லன்களுக்கும் நீதிபதிகளுக்கும் குரல் கொடுப்பவர். எண்ணெய் தேய்த்த மாதிரி குரல். சாப்பாட்டு இடைவேளையில், ஒரு டீக்கு, அந்த மூன்று வரியையும் வழவழவென்று பேசிக் கொடுத்துவிட்டார். ‘சாப்பிட்டியா?’ என்று அவர் கேட்டது, ரயில் வருகிறது என்று அறிவிப்பது போல இருந்தது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கத்தரி பழைய குரலை வெட்டிப் புதியதை வைத்தாள். ஒரே ஓர் இடத்தில் கை நின்றது.

“இந்த ‘ம்’மை எடுக்க முடியாது. இதோட வால் உன் ‘வாசல்’ மேல ஏறி உக்காந்திருக்கு. இதை எடுத்தா உன் வார்த்தையும் சேர்ந்து போயிடும். வேற தடவை எடுத்ததை வெக்கட்டுமா?”

வேறு தடவை எடுத்ததில் அந்த வசனம் இவ்வளவு நன்றாக இல்லை. “ஒரு ‘ம்’ தானே அக்கா. கெடக்கட்டும், யாரு கவனிக்கப் போறா?” என்றாள்.

சனிக்கிழமை காலையில் ரீல் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் படப்பிடிப்பிலிருந்து வந்ததும், “எங்க, எங்க, போட்டுக் காட்டு” என்று குளித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாத்தனாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ரீலுக்குச் சொந்தக்காரி ஏதேதோ சாக்குச் சொன்னாள், சார்ஜ் இல்லை என்றாள். அவர் சார்ஜரைக் கொண்டுவந்து சொருகினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் சடசடவென்று விழுந்தது. பழைய நர்ஸ் துண்டு வந்தபோது நாத்தனாரை இடித்து, “இது நான் அடிச்ச லைட்டு” என்றார். பிறகு நீலப் போர்வை வந்தது. அவள் முகம் வந்ததும், மழையில் சத்தம் கேட்கவில்லை என்று அவர் போனைக் காதருகே கொண்டுபோனார். “சாப்பிட்டியா?” என்றது ரேடியோவின் குரல்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். முடியும்வரை கேட்டார்.

“நல்லா இருக்கு. நீ நல்லா பண்ணியிருக்க” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு அந்த மழையிலேயே வெளியே போனார்.

“என் தம்பி குரல் எங்க?” என்றாள் நாத்தனார்.

“சத்தம் சரியாப் பதிவாகல, அண்ணி.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத.”

அடுத்த நாள் ஆட்டோக்காரர் வழக்கம்போல ஓரம் கட்டி, “உள்ள யாரும் இல்லையா சார்?” என்றார். வீட்டுக்காரர் “வேலை இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார். கறுப்புக் கண்ணாடி அலமாரி மேலேயே கிடந்தது. வீட்டில் பேச்சு, சோறு போடு, தண்ணி எடு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதைத்தானே அவள் விரும்பினாள்? இதைப் பார்த்துக் குளிர வேண்டிய வயிறு, முன்னைவிட அதிகமாக எரிந்தது.

திங்கட்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து கையுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றார் திரும்பாமல். “சத்தம் சரியில்லன்னு அக்காகிட்ட சொன்னியாமே. நெஜமா?”

வெங்காயம் நறுக்கும்போது பொய் சொல்வது சுலபம், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் அவள் சொல்லவில்லை.

“இல்ல. சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் எடுத்தேன்.”

“நல்லா இருந்தா எதுக்கு எடுக்கணும்?”

“பொறாமை. போதுமா?” கத்தியைக் கீழே வைத்தாள். “தக்காளிக்காரன் உங்களுக்குத் தக்காளி குடுக்கறான். பஸ்ல உங்களுக்கு எழுந்து எடம் குடுக்கறான். நான் எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், எனக்கு எவனாவது எழுந்தானா? நீங்க போய் நின்னீங்களாம், சொன்னீங்களாம், வந்துட்டீங்களாம். எனக்கு வர்றதே ஒரு வாய்ப்பு, அதுலயும் நீங்க உள்ள வந்து உக்காந்துக்கணுமா?”

“நானா வந்தேன்? நீதான கூப்பிட்ட?”

“கூப்பிட்டேன். நீங்க இல்லாம எனக்கு அழுகை வரல. அதுவும் எனக்கு எரியுது.”

அவர் கையுறையைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

“நானும் எரிஞ்சிருக்கேன்” என்றார். “உனக்கு எதிர்ல வசனம் பேச வந்த ஒவ்வொருத்தனைப் பாத்தும் எரிஞ்சிருக்கேன். அந்த டாக்டர் வேஷக்காரன் இருந்தானே, உன் கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பேசுவானே. அவன் மூஞ்சில வேணும்னே லைட்டைக் கோணலா அடிச்சேன்.”

“அதான் அவன் மூக்கு மட்டும் அத்தாம்பெருசா தெரிஞ்சுதா?”

நாத்தனார் மெஷினுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“கோணலாத்தான் அடிச்சேன்” என்றார். “அணைக்கல.”

கையுறைகளைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவள் மீதி வெங்காயத்தை நறுக்கினாள். குழம்புக்கு வேண்டியதைவிட அதிகமாகவே நறுக்கிவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன் வரவில்லை. டப்பிங் தியேட்டரில் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிற கூட்டத்துக்கு அலறினாள். ரேடியோ, “என்ன, கூப்பிட்டாங்களா?” என்று கேட்டார். “எங்க? அவ்வளவுதான் போல” என்றாள். வயது போய்க்கொண்டிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் ரீல் கேட்கப்போவதில்லை, முதுகைக்கூடக் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. நாத்தனார் காலருக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் ஏறி முன்னறை பல்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரீல் பாத்தோம்” என்றாள் மேடம். “டைரக்டருக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நேர்ல வர முடியுமா? வசனம் நல்லா பேசறவங்க நிறைய பேர் அனுப்பியிருந்தாங்க. நீங்க கேக்கறீங்க. எதிர்ல பேசறதை நெஜமாவே காது குடுத்துக் கேக்கறீங்க. அது ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“வரேன் மேடம்” என்றாள். ஒரு கையால் மெஷின் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம் இன்னொரு விஷயம். வாசல் லைட்டைப் பத்திச் சொல்றீங்களே, அந்த எடத்துல ஒரு ‘ம்’ வருது. அது யாரு?”

அவள் கண் ஸ்டூல் பக்கம் போனது.

“அது… எதிர்ல வாசிச்சவர் மேடம்.”

“இல்லையே. எதிர்ல வாசிச்சவர் குரல் வேற, நியூஸ் படிக்கற மாதிரி இருக்கு. இந்த ‘ம்’ வேற ஆளு. நீங்க அழுததும் இந்த ‘ம்’முக்குத்தான், அந்தக் குரலுக்கு இல்ல. நாங்க திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அப்பா வேஷத்துக்கு ஆள் கெடைக்காம ஒரு மாசமா அலையறோம். யாரும்மா அது?”

முன்வாசல் வழியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், மனுஷன் சாவித் துவாரம் வழியாக உள்ளே வந்து நிற்கிறார். ஒரே ஒரு ‘ம்’. அதற்கு ஒரு மாதமாக அலைகிறவர்கள் காத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு டிவி என்று சொல்லலாம். தெருவில் போன யாரோ என்று சொல்லலாம். அவள் நாளைக்குப் போய் நிற்பாள், வேஷம் வரும், தொடர் ஓடும், தக்காளிக்காரர் ஒன்று அதிகம் போடுவார், அவளுக்கென்று போடுவார். அப்பா வேஷத்துக்கு எவனோ ஒருத்தன் வருவான். இவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

‘வீட்ல யாரும் இல்ல மேடம்’ என்று சொல்ல வாயெடுத்தாள். எடுத்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. சொன்னாலும் அவர் அளவுக்கு வராது.

நாத்தனாரின் மெஷின் நின்றிருந்தது. பல்பு எரிந்தது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அது எங்க வீட்டுக்காரர் மேடம்” என்றாள். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. “லைன்ல இருங்க, குடுக்கறேன்.”

போனை நீட்டினாள். “என்னங்க. உங்களுக்குத்தான்.”

அவர் திரும்பினார். போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எனக்கா?” என்று வாயசைத்தார். தூசிக் கையைச் சட்டையில் மறுபடி துடைத்துவிட்டு வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் மேடம் பேசிக்கொண்டே போனாள். என்ன சொல்கிறாள் என்று அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தலைக்கு அடித்த மை வெளுத்து, காதோரம் நரை எட்டிப் பார்த்தது. பேச்சு நின்றது. பதில் சொல்ல வேண்டிய இடம். அவர் அவளையே பார்த்தார், வரட்டுமா என்று கேட்கிற மாதிரி.

அவள் தலையை ஆட்டினாள். முழு மனசோடு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆட்டினாள்.

அவர் போனில், “ம்” என்றார்.

பாவி மனுஷன், அதையும் நன்றாகத்தான் சொன்னார்.